எனக்குக் கொழுப்பு அதிகம்

“உனக்குக் கொழுப்பு அதிகமடா!” என்று என்னிடம் முதன்முதலில் சொன்னவர் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். சொன்னதோடு அவர் நிற்கவில்லை. பிரம்பால் அதைக் குறைக்கவும் முயன்று பார்த்தார். பிற்பாடு, என் இரண்டாவது நாவல் வெளிவந்தபோது ஒரு விமரிசகர் ஏறக்குறைய அதே அபிப்பிராயத்தைக் கொஞ்சம் நாசூக்காக அச்சில் தெரிவித்தார். இருவரிடமும் ஆதாரம் கிடையாது. ஆகையால் நான் பொருட்படுத்தவில்லை.

சென்ற மாதம் மூன்றாவதாக ஒருவர் சொன்னார். இவர் டாக்டர். இவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 246, அதில் எல்.டி.எல். என்பது 162, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 240. கணக்கில் நான் என்றைக்குமே மட்டம். இருந்தாலும் ஒவ்வோர் எண்ணின் கீழும் அவர் சிவப்பு மையால் கோடு போட்டதிலிருந்து, பரீட்சையில் நான் தேறவில்லை என்பது மாத்திரம் விளங்கிவிட்டது.

“36 குறைவாகத்தானே இருக்கிறது? அதற்கும் ஏன் கோடு?” என்று கேட்டேன்.

“அது குறையக் கூடாது, சார். ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது; இறங்க வேண்டியதெல்லாம் ஏறியிருக்கிறது. அப்பா இருக்கிறாரா?”

“இல்லை. 1999-ல் போய்விட்டார். மாரடைப்பு. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.”

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, “உங்களுக்கு?” என்றார்.

“நாற்பத்தாறு.”

அதற்குமேல் அவர் கணக்குப் போடவில்லை. நான் போட்டேன். கழித்தல் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எங்கள் கூடத்தில் ஓர் எண்ணெய் மகாநாடு கூடிவிட்டது. என் மனைவி அலமாரியிலிருந்து சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். அதில் இருதயப் படம் போட்டு, ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தது. மாமா ஒருவர், “எல்லாம் வெள்ளைக்காரன் செய்த சூழ்ச்சி! நெய்தான் அமிர்தம். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நெய் குடி. கொலஸ்ட்ரால் ஓடிப்போகும்” என்றார். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா தேங்காயெண்ணெய்க்காகத் தொலைபேசியில் வாதாடினாள். பக்கத்து வீட்டுக்காரர், “எந்த எண்ணெயும் வேண்டாம். எல்லாவற்றையும் வேகவைத்துச் சாப்பிடுங்கள்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சாப்பிடுகிறவர் என்று உடனே நம்பலாம்.

மகாநாட்டில் வாயே திறக்காதவள் என் அம்மா ஒருத்திதான். சுவரோரமாக உட்கார்ந்து, புளியிலிருந்து கொட்டையை எடுத்து எடுத்து, ஒரு பழைய டின்னில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். அது பழைய வனஸ்பதி டின். மேலே இருந்த எழுத்தும் படமும் தேய்ந்து போய் வெகுகாலமாயிற்று.

அன்றிரவு பத்து மணிக்கு மேல் நான் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து வாசற்படியில் நின்றாள்.

“ஏண்டா, வனஸ்பதி நெஞ்சுக்குக் கெடுதல்னு பேப்பர்ல போட்டிருந்தானே, நெஜமா?”

“ஆமாம்மா. இப்ப என்ன அதுக்கு?”

“நெய்யைவிடவா?”

“நெய்யைவிடக் கெடுதல்தான்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அப்ப உங்கப்பாவை நான்தானேடா...” என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தை முடிக்காமலே உள்ளே போய்விட்டாள்.

என் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். சம்பளம் மாதம் இருபது தேதி வரைக்கும் வரும். நெய் என்பது எங்கள் வீட்டில் விருந்தாளிக்கும் விக்கினேசுவரருக்கும் உரிய பொருள். அப்பாவுக்கோ இனிப்பென்றால் உயிர். கடையிலிருந்து களைத்து வந்து உட்கார்ந்ததும், “ஏதாவது இருக்கா?” என்பார். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்ல அம்மாவால் முடியாது. அதற்காகத்தான் அந்த டின் எங்கள் வீட்டுக்கு வந்தது. ரவா லாடு, மைசூர்பாகு, கோதுமை அல்வா, ஞாயிற்றுக்கிழமைப் பூரி எல்லாவற்றுக்கும் அதுவே. விலை நெய்யில் பாதிகூட இல்லை. அதோடு, “இது தாவர எண்ணெயில் செய்தது, மாட்டுக் கொழுப்பு கிடையாது, நெஞ்சுக்கு நல்லது” என்று தெருவில் படித்தவர்களே சொன்னார்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த பிறகு, அம்மா அவர் இலையில் விடும் அரைக் கரண்டி நெய்யையும் நிறுத்திவிட்டு, டின்னையே முழுக்க நம்பினாள்.

1999-ல் ஒரு விடியற்காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். அதோடு என் கல்லூரிப் படிப்பும் முடிந்தது. அப்பா உட்கார்ந்த அதே கணக்கு மேஜையில் மூன்று வருஷம் உட்கார்ந்த பிறகுதான் கதை எழுதுகிறவன் ஆனேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, பேசாமல் படு’ என்று அன்றிரவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பொய்யை நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே பதினைந்து நாள், எழுத வேண்டிய தொடர்கதையைத் தள்ளிவைத்துவிட்டு, கொழுப்பைப் பற்றிப் படித்தேன். நேயர்களுக்கும் பயன்படும் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கதை 1913-ல் ருஷ்யாவில் ஆரம்பிக்கிறது. நிக்கொலாய் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்தார். முயல்களின் ரத்தக் குழாய்ச் சுவரில் மஞ்சளாகப் படலம் படிந்தது. முயல் புல் தின்னும் பிராணி. அதற்கு ஆனது மனிதனுக்கும் ஆகுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பிறகு 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. ஜனாதிபதிக்கே வந்தால் தேசம் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வீடு இருதயப் பேச்சாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் 1958-ல் தொடங்கி ஏழு நாடுகளில் ஆராய்ச்சி செய்தார். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு மாரடைப்பு வருகிறது என்பது கணக்கு. அவர் கண்டதில் எனக்குப் பிடித்தது இதுதான். பின்லாந்தின் கிழக்குப் பகுதிக்காரர்கள் கொழுப்பை நிறையச் சாப்பிட்டார்கள்; மாரடைப்பில் சரியாக மாண்டார்கள். கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்காரர்களும் கொழுப்பு நிறையத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அவர்களில் மாரடைப்பு மிக அரிது. பின்லாந்துக்காரர் சாப்பிட்டது வெண்ணெய். கிரீட்காரர் சாப்பிட்டது ஆலிவ் எண்ணெய். ஆக, எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்பதே முக்கியமாகப் பட்டது. 1961-ல் அமெரிக்க இருதயச் சங்கமும், வெண்ணெய் போன்ற கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயைச் சேர்க்கும்படி யோசனை சொன்னது.

எந்தக் கொழுப்பு என்பதை எப்படி அறிவது? நம் வீட்டு அலமாரியே சொல்லும். மார்கழி மாதம் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்கிறது. நெய் மணல் மணலாய் இறுகியிருக்கிறது. நல்லெண்ணெய் மட்டும் கவலையில்லாமல் ஓடுகிறது. கொழுப்பு என்பது நுண்ணிய சங்கிலிகளால் ஆனது. நேரான சங்கிலிகள் விறகுக் கட்டைப்போல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், ஆகவே உறையும். இவற்றை நிறைகொழுப்பு என்கிறார்கள். வளைந்த சங்கிலிகளை, கோணல் சுள்ளிகளைப்போல, நெருக்கி அடுக்க முடியாது. ஆகவே அவை திரவமாகவே இருக்கும். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறையத் தொண்ணூறு பங்கு நிறைகொழுப்பு. நெய்யில் அறுபதுக்கு மேல். பாமாயிலில் பாதியை ஒட்டி. கடலையெண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் பதினைந்து, சூரியகாந்தியில் பத்தைச் சுற்றி. சக்தியில் மட்டும் ஏற்றத்தாழ்வு இல்லை. எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

இனி டாக்டரின் காகிதத்துக்கு வருவோம். கொலஸ்ட்ரால் உடம்புக்கு வேண்டிய சரக்கு. பெரும்பகுதியை உடம்பே தயார் செய்துகொள்கிறது. ரத்தத்தில் அது தானாகப் போகாது, வண்டி வேண்டும். எல்.டி.எல். என்பது சரக்கு ஏற்றி வரும் வண்டி, எச்.டி.எல். என்பது மிச்சத்தை வாரிக்கொண்டு ஈரலுக்குத் திரும்பும் வண்டி. ஈரலின் மேற்புறத்தில் எல்.டி.எல். வண்டிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவுகள் உண்டு. இந்தக் கதவுகளைக் கண்டுபிடித்ததற்காக ஜோசப் கோல்ட்ஸ்டைன், மைக்கேல் பிரௌன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைகொழுப்பு அதிகமானால் ஈரல் அந்தக் கதவுகளில் பலவற்றைச் சாத்திவிடுகிறது. உள்ளே போக முடியாத வண்டிகள் தெருவிலேயே சுற்றுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் சரக்கைக் கொட்டுகின்றன. இருபது முப்பது வருஷம் கொட்டினால் ஒருநாள் தெரு அடைபடுகிறது.

மாமாவின் ஒரு கரண்டி நெய்யை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். பெரிய கரண்டியில் பதினைந்து கிராம் பிடித்தால், அதில் நிறைகொழுப்பு ஒன்பது கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் மேல் வரம்பு சுமார் 22 கிராம். பால், தயிர், தேங்காய்ச் சட்னி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். சாதத்தில் ஒரு சிறு கரண்டி நெய் விட்டுக்கொண்டால் குடி முழுகிவிடாது. குடிக்கிற சமாசாரம் வேறு.

என் மனைவியின் புட்டிக்கும் ஒரு வார்த்தை. கொலஸ்ட்ரால் பிராணிகளிடமிருந்து வரும் உணவில்தான் உண்டு. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதில்லை, நூற்றுக்குத் தொண்ணூறு நிறைகொழுப்பு உள்ள தேங்காயெண்ணெய் உட்பட. ஆகவே ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய்ப் புட்டியில் போடுவது, ‘இந்த வீட்டில் யானை இல்லை’ என்று வாசலில் பலகை மாட்டுவதைப் போன்றது. உண்மைதான், பெருமைதான் இல்லை.

சரி, டின்? 1902-ல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் ஒரு காரியம் செய்தார். எண்ணெயைச் சுடவைத்து, நிக்கல் உலோகத்தை உடன் வைத்து, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினார். எண்ணெய் இறுகி நெய்போல் ஆயிற்று. கெட்டுப்போகாது, விலையும் குறைவு. நம் நாட்டிலும் வனஸ்பதி என்ற பெயரில் பெருகியது. நெய்யில் அதைக் கலப்படம் செய்கிறார்கள் என்று கூக்குரல் கிளம்பி, 1950-ல் பார்லிமெண்டில் அதைத் தடுக்க மசோதாகூட வந்தது. நிறைவேறவில்லை. கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்காக வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நல்லெண்ணெய் இருந்தால் ஒரு ரசாயனச் சோதனையில் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆக அன்று சண்டையெல்லாம் இது அசல் நெய்யா, போலியா என்பதில்தான். இருதயத்தைப் பற்றி எவருக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியாது.

தெரியாமல் நடந்தது என்னவென்றால், இப்படி அரைகுறையாக இறுக்கும்போது, வளைந்த சங்கிலிகள் சில வளைவு நிமிர்ந்து போகின்றன. பார்வைக்குத் தாவரக் கொழுப்பு. நடத்தையில் நிறைகொழுப்பைவிடப் பொல்லாதது. இதைத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்கிறார்கள். நிறைகொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றும். இது அதை ஏற்றுவதோடு, வாரிக்கொண்டு போகும் எச்.டி.எல். வண்டியையும் குறைத்துவிடும். ஹாலந்தில் மென்சிங்க், கத்தான் என்ற இருவர் இதைத் தெளிவாகக் காட்டியது 1990-ல். டென்மார்க் முதன்முதலில் சட்டம் போட்டு இதை அநேகமாக ஒழித்தது 2003-ல். நம் நாட்டில் எண்ணெயிலும் கொழுப்பிலும் இது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2022 ஜனவரியில்.

அந்தத் தேதியை இரண்டு தரம் படித்தேன். அப்பா போய் அப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, கதவு, வளைந்த சுள்ளி எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப டின்னுக்குப் பங்கு உண்டுங்கறே” என்றாள் கடைசியில்.

“உண்டும்மா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். சாப்பிடற மொத்தச் சக்தியில் நூத்துக்கு ரெண்டு பங்கு இந்தக் கொழுப்பா இருந்தா, இருதய நோய் அபாயம் கால்வாசி கிட்ட கூடுதுன்னு 2006-ல் கணக்குப் போட்டிருக்காங்க. ஆனா சிகரெட் அதை ரெண்டு மடங்குக்கு மேலே கூட்டும். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை?”

“ஒரு பாக்கெட். கடையில் எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?”

“ரத்த அழுத்த மாத்திரை?”

“தலை சுத்தினா ஒண்ணு போட்டுப்பார். இல்லேன்னா கிடையாது.”

“பத்து மணி நேரம் கணக்கு மேஜை. சாயங்காலம் வண்டிக்காரன் கிட்டே ரெண்டு பஜ்ஜி. அவன் காலையில் வச்ச எண்ணெயை ராத்திரி வரைக்கும் காய்ச்சுவான். அப்பாவுக்கு அப்பா எந்த வயசிலே போனார்?”

“அம்பத்தஞ்சு.”

“இத்தனை பேர் சேர்ந்து இழுத்த தேரும்மா அது. நீ மட்டும் வடம் பிடிச்சேன்னு நெனைச்சுக்கறே. டாக்டர்களுக்கே 1990 வரைக்கும் நிச்சயமாத் தெரியலே. அது கும்பகோணத்துச் சந்துக்கு எப்ப வந்து சேரும்? நல்லதுன்னு நாலு பேர் சொன்னதைத்தானே நீ செஞ்சே?”

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். இருபத்தைந்து வருஷ துக்கத்துக்கு ஒரு மத்தியானம் போதாது. ஆனால் அவள் அடுத்துக் கேட்டது வேறு கேள்வி.

“அது போகட்டும். உனக்கு ஏண்டா ஏறித்து? நம்ம வீட்டிலேதான் வனஸ்பதி வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சே!”

அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். இந்தக் கேள்விக்கும் காகிதத்தில் விடை இருந்தது. டிரைகிளிசரைடு 240 என்பது பெரும்பாலும் எண்ணெயால் வருவதல்ல. வேண்டியதற்கு மேல் சோறும் சர்க்கரையும் உள்ளே போனால், ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அது ஏறினால் எச்.டி.எல். பொதுவாக இறங்கும். மத்தியானம் மலைபோல் சாதம், நாளைக்கு ஐந்து காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, மீதி நேரமெல்லாம் நாற்காலி. நெய்யைப் பயந்து நிறுத்திவிட்டு, அந்த இடத்தைச் சோற்றாலும் பிஸ்கோத்தாலும் நிரப்புகிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை. நான் செய்துகொண்டிருந்தது அதுதான். கொழுப்பைக் குறைத்தவன் என்ற கர்வம் வேறு! வாத்தியார் சொன்ன கொழுப்பு அதுவாக இருக்கலாம்.

பரிகாரம் உண்டா என்றால், உண்டு. பின்லாந்தில் வட கரேலியா என்ற ஜில்லாவில் 1972-ல் ஒரு முயற்சி ஆரம்பித்தார்கள். வெண்ணெயைக் குறைத்து எண்ணெய்க்கு மாறினார்கள், புகையை விட்டார்கள், ரத்த அழுத்தத்தைக் கவனித்தார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷத்தில், உழைக்கும் வயது ஆண்களில் இருதய நோயால் சாகிறவர்கள் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டார்கள். அவர்களும் நம்மைப்போல நாக்கு உள்ள ஜனங்கள்தானே?

எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்பது டாக்டர் வைத்த ரேஷன். தாளிக்க நல்லெண்ணெய், பொரிக்கக் கடலையெண்ணெய், பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவதில்லை. ‘எள் நெய்’ என்பதுதான் எண்ணெய் ஆயிற்று என்பார்கள். நம் முன்னோர் அதற்கு ‘நல்ல’ என்று அடைமொழியும் கொடுத்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் அவியலுக்கு மட்டும், அக்காவுக்கு வருத்தம்தான். எனக்கு மாத்திரை தனி. காலையில் நாற்பது நிமிஷம் நடை. நான் ஏமாற்றாமல் போகிறேனா என்று பார்க்க அம்மா வாசலில் நிற்கிறாள்.

அப்பாவின் திதி போன வாரம் வந்தது. அம்மா ரவா லாடு பிடித்தாள். அசல் நெய், அளவாக. இலையில் வைத்துக் கும்பிட்ட பிறகு ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, பாதியை என் கையில் கொடுத்தாள்.

“பாதிதானா?”

“பாதிதான். அவருக்கு நான் முழுசு முழுசாக் குடுத்தேன்.”

அந்த டின்னைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“டின் என்னடா பண்ணித்து? அதும் பாட்டுக்குப் புளியை வச்சுக்கிட்டு இருக்கு” என்று சொல்லி, மூடியை அழுத்திச் சாத்தி, பழையபடி அலமாரியில் வைத்தாள்.